லைன் உண்டு, பதில்தான் இல்லை: பினாங்கிலிருந்து ஒரு கைப்பேசிச் சேவை மதிப்புரை

எங்கள் குடும்பத்தில் மூன்று கைப்பேசி இணைப்புகள் பல ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் இருந்தன. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் தம்பியுடையது ஒன்று, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அம்மாவுடையது ஒன்று, ஜார்ஜ்டவுனில் குடியிருக்கும் என்னுடையது ஒன்று. தீபகற்பம், சபா, சரவாக் என்று மலேசியா முழுவதும் கோபுரம் வைத்திருக்கும் பெரிய நிறுவனம்தான் அது. பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. மற்ற நிறுவனங்களின் சிம் அட்டையை வைத்திருக்கும் உறவினர்களிடம் விசாரித்தால் அவர்களும் ஏறக்குறைய இதே கதையைச் சொல்வதால், ஒன்றை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகப் படவில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபுரத்துக்காகக் கொடுத்த காசு வீண்போகவில்லை. ஆனால் ஏதேனும் தவறு நடந்து, அதைச் சொல்லப் போகிற நாளில், விளம்பரத்தில் சிரித்த முகம் ஒன்றுகூட நம் கண்ணில் படுவதில்லை.

ஒரு காலத்தில் எண்ணைப் பார்த்தே நிறுவனத்தைச் சொல்லிவிடலாம். 012 என்றால் மேக்சிஸ், 019 என்றால் செல்கோம், 016 என்றால் டிஜி. எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2008-இல் வந்த பிறகு அந்தக் கணக்கு குழம்பிப் போனது. 2022 நவம்பர் இறுதியில் செல்கோமும் டிஜியும் ஒரே நிறுவனமாக இணைந்த பிறகு இன்னும் குழம்பியது. அதைவிடப் பெரிய மாற்றம் 5ஜி வந்த விதத்தில் இருந்தது. டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் என்ற அமைப்பு 2021-இல் தொடங்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் புத்ராஜெயா, சைபர்ஜெயா, கோலாலம்பூரின் சில பகுதிகள் ஆகியவற்றில் 5ஜி முதன்முதலாக இயங்கியது. கட்டமைப்பை அந்த ஓர் அமைப்பே நிறுவும். கைப்பேசி நிறுவனங்கள் அதை மொத்த விலைக்கு வாங்கி நமக்குச் சில்லறையாக விற்கும் என்பதுதான் ஏற்பாடு. இரண்டாவது 5ஜி கட்டமைப்பை நிறுவ யு மொபைல் 2024 நவம்பரில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆக, தொடக்க ஆண்டுகளில் எந்த நிறுவனத்தின் 5ஜி என்று நாம் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும், பின்னால் இருந்த கட்டமைப்பு பொதுவானதுதான். அப்படியானால் நிறுவனங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபட வேண்டிய இடம் 4ஜி பரப்பும் விலையும் வாடிக்கையாளரை நடத்தும் விதமும்தான். முதல் இரண்டிலும் எங்கள் நிறுவனம் தேறிவிடுகிறது.

பினாங்குத் தீவு கைப்பேசி அலைக்கு எளிதான நிலப்பரப்பு அல்ல. நடுவில் மலை, அதைச் சுற்றிக் கடற்கரையை ஒட்டி வீடுகள், பாயா தெருபோங் பக்கம் நெருக்கி நிற்கும் உயரமான அடுக்குமாடிகள். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளுக்குள், பின்கட்டுச் சமையலறை வரைக்கும் இந்த நிறுவனத்தின் லைன் வருகிறது. அந்தச் சுவர்களின் தடிமனை அறிந்தவர்களுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. ஆயர் ஈத்தாம் சந்தையில், கொடிமலை ரயில் ஏறும் நிலையத்தில், இரண்டு பாலங்களின் நடுவில், பட்டர்வொர்த் போகும் பெர்ரியில் என்று எங்கும் பேச்சு அறுபட்டதாக நினைவில்லை. தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு மலைச்சாலையில் போகும்போது சில வளைவுகளில் அழைப்பு அறுந்துவிடும். அங்கே வேறு நிறுவனத்தைச் சேர்ந்த நண்பரின் கைப்பேசியிலும் கோடு ஏறுவதில்லை. அதை ஒரு குறையாக நான் எழுதப் போவதில்லை.

தைப்பூச நாளின் கதை வேறு. தண்ணீர்மலைக்குப் போகும் ஜாலான் கெபுன் பூங்கா முழுவதும் தண்ணீர்ப் பந்தல்களும் காவடிகளும் மக்கள் வெள்ளமுமாக இருக்கும் அந்த நேரத்தில், திரையில் எல்லாக் கோடுகளும் நிறைந்திருக்கும். ஒரு புகைப்படம்கூட வாட்ஸ்அப்பில் போகாது. கோடுகள் காட்டுவது கோபுரத்துக்கும் நமக்கும் இடையிலான அலையின் வலிமையை மட்டுமே. அந்தக் கோபுரத்தின் கொள்திறனை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதை அவை காட்டுவதில்லை. தேதி ஓராண்டுக்கு முன்னரே நாட்காட்டியில் அச்சாகிவிடும் திருவிழா இது. கூட்டம் எந்தச் சாலையில் எந்த நேரத்தில் நிற்கும் என்பதும் ஊருக்கே தெரியும். அந்த இரண்டு நாளைக்கு நடமாடும் கோபுர வண்டிகளை இன்னும் தாராளமாக நிறுத்தினால் என்ன என்று ஒவ்வோர் ஆண்டும் எனக்குத் தோன்றும். பிள்ளையைக் கூட்டத்தில் தவறவிட்டுவிட்டு அழைப்புப் போகாமல் தவிக்கும் தாய்மார்களை நான் அங்கே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, அம்மாவின் பழைய கைப்பேசி. 2020-இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா என்ற அரசுத் திட்டம், மக்கள் வசிக்கும் பகுதிகளில் 4ஜி பரப்பை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காடாக உயர்த்துவதை இலக்காக வைத்தது. அதற்கு வழிவிட 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்தப்பட வேண்டும் என்றும் வகுத்தது. நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வோல்ட்இ வசதி இல்லாத, அல்லது இருந்தும் முடுக்கப்படாத கைப்பேசியில் பேசத் தொடங்கினால், அழைப்பு நேராக 2ஜிக்கு இறங்கிவிடும். பேசி முடிக்கும்வரை இணையமும் நின்றுவிடும். அம்மாவுக்கு நேர்ந்தது இதுதான். குரல் கரகரக்கிறது, பேசும்போது வாட்ஸ்அப் வருவதில்லை என்று சேவை மையத்தில் சொன்னபோது, அங்கிருந்த விற்பனையாளர் உடனே எடுத்து நீட்டியது இரண்டாண்டு ஒப்பந்தத்துடன் கூடிய புதிய கைப்பேசியின் துண்டுப்பிரசுரத்தை. தம்பி வீட்டுக்கு வந்து அமைப்புகளுக்குள் போய் ஒரு பொத்தானைத் தள்ளியதும் கரகரப்பு நின்றது. பழைய சிம் அட்டை வைத்திருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான். ஒரு பொத்தானால் தீரும் சிக்கலுக்கு இரண்டாண்டுக் கட்டுப்பாட்டை விற்கப் பார்ப்பவரிடம் தரகுக் கணக்குதான் பேசுகிறது. அந்தக் கணக்கை வகுத்தவர்கள் மேலே இருக்கிறார்கள்.

விலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாதக் கட்டணத் திட்டத்துக்கு மேல் 6 விழுக்காடு சேவை வரி உண்டு. சுவரொட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையோடு அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வரம்பற்ற தரவு என்பது கைப்பேசியில் பார்ப்பதற்கு. மடிக்கணினிக்குப் பகிர்ந்தால் அதற்குத் தனி அளவு உண்டு, அதைத் தாண்டினால் வேகம் குறையும். இவை திட்ட விவரத்தில் எழுதப்பட்டிருப்பவைதான். ஹாட்யாய் போகும்போது நாள் கணக்கில் வாங்கும் ரோமிங் ஒழுங்காக வேலை செய்கிறது. பாடாங் பெசாரில் எல்லை தாண்டும் முன்னரே கைப்பேசி தாய்லாந்து அலையைப் பிடித்துக்கொள்வதுண்டு என்பதால், ரோமிங்கை நாமே கையால் முடுக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது.

இனி புகாருக்கு வருகிறேன். இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

அம்மாவின் கட்டண அறிக்கை தம்பியின் மின்னஞ்சலுக்கு வரும். பணம் அட்டையிலிருந்து தானாகக் கழியும். மாதாமாதம் மாறாத தொகை ஒரு மாதம் கூடியிருப்பதைப் பார்த்து அவன் பக்கங்களைப் புரட்டினான். கடைசிப் பக்கத்தில், அழைப்பு விவரங்களுக்கெல்லாம் கீழே, கைப்பேசி உள்ளடக்கச் சேவை என்ற தலைப்பில் ஐந்து ரிங்கிட் வீதம் சில வரிகள். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, 3-இல் தொடங்கும் ஐந்து இலக்கக் குறுக்கெண், ஆங்கிலத்தில் ஏதோ ஒரு விளையாட்டுக் கழகத்தின் பெயர். வாரந்தோறும் கழித்திருக்கிறார்கள். அம்மா கைப்பேசியில் செய்வது மூன்றே காரியம்: பேரப்பிள்ளைகளோடு காணொளியில் பேசுவார், பக்திப் பாடல் கேட்பார், வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்களை எல்லாருக்கும் அனுப்பி வைப்பார். பாட்டுக்கு நடுவில் வந்த விளம்பரத்தில் விரல் பட்டிருக்கலாம். அப்படிப் பட்டிருந்தாலும், பணம் கழிக்கும் முன் மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டியது அவர்கள் பொறுப்பு.

ஸ்டாப் ஆல் என்று அந்தக் குறுக்கெண்ணுக்கே குறுஞ்செய்தி அனுப்பினால் சந்தா நின்றுவிடும், நின்றது. கழித்த பணத்தைத் திரும்பப் பெறுவதில்தான் சிக்கல். அழைப்பு மையத்தில் மலாய், ஆங்கிலம், மாண்டரின் ஆகியவற்றுக்கு எண்கள் இருக்கின்றன, தமிழுக்கு இல்லை. அம்மாவின் பெயரில் உள்ள இணைப்பு என்பதால் அவரே பேச வேண்டும் என்றார்கள். அவர் தமக்குத் தெரிந்த மலாயில் பேசினார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: இது மூன்றாம் தரப்பு நிறுவனத்தின் சேவை, நாங்கள் வசூலித்துக் கொடுப்பவர்கள் மட்டுமே, பணம் வேண்டுமானால் அவர்களைக் கேளுங்கள். அவர் கொடுத்த எண் மணியடித்துக்கொண்டே இருந்தது. வீட்டு வாடகையோடு பக்கத்துக் கடைக்காரர் கணக்கையும் சேர்த்து வசூலித்துவிட்டு, சாமான் வாங்கவில்லையே என்று கேட்டால் கடைக்காரரிடம் போகச் சொல்லும் வீட்டுக்காரரை நம்மில் யாராவது பொறுத்துக்கொள்வோமா? அறிக்கை இவர்களுடைய தாளில் வருகிறது, பணம் இவர்களுடைய கணக்குக்குப் போகிறது, கட்டாமல் விட்டால் இணைப்பைத் துண்டிப்பதும் இவர்களே. பொறுப்பு மட்டும் எப்படி மூன்றாம் தரப்புக்குப் போகிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

புகார் எண் ஒன்று தந்தார்கள். சில நாட்களில் குறுஞ்செய்தி வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது, எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் தாருங்கள். யாரும் அழைக்கவில்லை, காசும் வரவில்லை. செயலியில் இருக்கும் அரட்டை இயந்திரத்திடம் கேட்டால், அது புதிய 5ஜி திட்டங்களின் பட்டியலைக் காட்டியது. எனவே அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு பேரங்காடியில் உள்ள சேவை மையத்துக்குப் போனேன். வரிசை எண் வாங்கி நெடுநேரம் உட்கார்ந்த பிறகு எங்களை அழைத்த பெண் தமிழ்ப் பிள்ளை. அம்மாவின் அடையாள அட்டையான மைகார்டைக் கருவியில் செருகி, திரையைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள்:

“ஆண்டி, இங்க சிஸ்டத்துல க்ளோஸ்னு காட்டுதே. க்ளோஸான கேஸ எங்க பக்கத்துல தொறக்க முடியாது. புதுசாதான் ஒன்னு போடணும்.”

“நான் மூடச் சொல்லலையேம்மா, யாரு மூடினது?” என்றார் அம்மா.

அவள் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். புகாரின் கீழே இருந்த குறிப்பு ஒரே வரி: வாடிக்கையாளருக்கு விளக்கம் அளிக்கப்பட்டது. மூன்றாம் தரப்பைக் கேட்கச் சொன்ன அந்தப் பேச்சுதான் அங்கே விளக்கமாகப் பதிவாகி, விளக்கம் தீர்வாகி, தீர்வு மாத அறிக்கையில் நல்ல எண்ணிக்கையாகியிருக்க வேண்டும். எத்தனை புகார்கள் எவ்வளவு விரைவாக மூடப்பட்டன என்று ஊழியர்களை அளக்கும் இடத்தில் இப்படித்தான் நடக்கும் என்பதைப் பல ஆண்டு அலுவலக வேலையில் நானும் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் மீது எனக்கு வருத்தமே இல்லை. ஐந்து ரிங்கிட்டைக்கூடத் திருப்பித் தரும் அதிகாரம் அவளுக்குத் தரப்படவில்லை. தன் கையில் இருந்ததை அவள் செய்தாள். இனி எந்த உள்ளடக்கச் சேவையும் இந்த எண்ணில் பணம் கழிக்க முடியாதபடி தடை போட்டுத் தந்தாள். இப்படி ஒரு தடை இருப்பதை அழைப்பு மையத்தில் யாரும் சொல்லவே இல்லை. பெற்றோர் பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ இணைப்பு வைத்திருப்பவர்கள் இன்றே கேட்டுப் போட்டுக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது. கிளம்பும்போது, “எம்சிஎம்சிக்கு எழுதுங்க அக்கா, அது வேற டிபார்ட்மெண்டுக்குப் போகும்,” என்று என்னிடம் மெதுவாகச் சொல்லியும் அனுப்பினாள்.

எம்சிஎம்சி என்று எல்லாரும் சொல்லும் தொடர்பு, பல்லூடக ஆணையம் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி அமைந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த பொதுப் பயனீட்டாளர் நெறிமுறை 2003-இலிருந்தே இருக்கிறது; புகார்களை எப்படிக் கையாள வேண்டும், கட்டணத்தை எப்படித் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் பேசப்படுகிறது. ஆணையத்தின் இணையவாசலில் புகார் கொடுக்கும் முன் நிறுவனத்திடம் முறையிட்டிருக்க வேண்டும். அதனால்தான் புகார் எண்ணைக் குறித்து வைப்பது முக்கியம். அறிக்கையின் கடைசிப் பக்கம், மூடப்பட்டதாக வந்த குறுஞ்செய்தி ஆகியவற்றின் படங்களை இணைத்து, ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதினேன்: எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்த வழியாக இந்தச் சந்தாவுக்கு என் தாயார் சம்மதம் தந்தார் என்பதற்கான பதிவைக் காட்டுங்கள். ஏமாற்றிவிட்டார்கள், மோசடி என்றெல்லாம் எழுதினால் அதற்கு விளக்கம்தான் வரும். பதிவைக் கேட்டால், ஒன்று பதிவு வர வேண்டும், அல்லது பணம் வர வேண்டும்.

அதன்பிறகு நடந்தவை வேறு நிறுவனத்தில் நடந்தவை போல இருந்தன. ஒருவர் தம் பெயரைச் சொல்லி அழைத்தார், நேரடி எண் தந்தார், மறுபடியும் அழைப்பதாகச் சொன்ன நாளில் அழைத்தார். சம்மதப் பதிவு கடைசி வரை வரவில்லை. கழித்த தொகை முழுவதும் அடுத்த அறிக்கையில் வரவு வைக்கப்பட்டது. ஆனால் அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் இதை நல்லெண்ண அடிப்படையில் செய்வதாகச் சொல்லியது. நம் பணத்தை நமக்கே நல்லெண்ணத்தோடு தருகிறார்கள்! இவ்வளவு திறமையாகச் செய்யக்கூடிய ஒரு பிரிவை உள்ளே வைத்துக்கொண்டு, ஆணையத்தின் கதவைத் தட்டியவர்களுக்கு மட்டும் அதைக் காட்டுவதுதான் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல். மலாயிலோ ஆங்கிலத்திலோ கடிதம் எழுதத் தெரியாத, எழுதிக் கொடுக்கப் பிள்ளைகள் அருகில் இல்லாத எத்தனையோ பெரியவர்கள் அந்த ஐந்து ரிங்கிட்டை வாரந்தோறும் கட்டிக்கொண்டே இருப்பார்கள். பினாங்கில் இருப்பவர்களுக்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு மேலாக இத்தகைய வழக்குகளைக் கேட்டுவரும் அமைப்பு அது, தமிழிலும் பேசலாம்.

பாராட்ட வேண்டிய ஒன்றையும் விடக் கூடாது. தம்பி கைப்பேசியைத் தொலைத்துவிட்டு மாற்றுச் சிம் அட்டை கேட்டபோது, மைகார்டும் கைரேகையும் இல்லாமல் தர மறுத்துவிட்டார்கள். அவசரத்தில் எரிச்சலாக இருந்தாலும் அது சரி. நம் எண்ணில் இன்னொருவர் சிம் வாங்கிவிட்டால் குறுஞ்செய்தியில் வரும் வங்கிக் குறியீடு அவருக்குப் போய்விடும். குறுஞ்செய்திக் குறியீட்டைக் கைவிட்டுப் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இல் வங்கிகளுக்குச் சொன்னதற்கு இத்தகைய மோசடிகளும் காரணம். பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் கைப்பேசி நிறுவனத்தின் வரிசையில் நிற்காமல் முதலில் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணை அழைக்க வேண்டும்.

மலையோரத்திலும் பழைய வீடுகளிலும் இருப்பவர்கள், கைப்பேசியைத் தாமே பழுது பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள், அறிக்கையின் கடைசிப் பக்கம் வரை படிப்பவர்கள் இந்தச் சேவையை எடுத்துக்கொள்ளலாம். தம்பியும் நானும் தொடர்கிறோம். வயதானவர்களுக்கு மாதக் கட்டண இணைப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அம்மாவை அவருடைய பழைய எண்ணோடு வேறு நிறுவனத்தின் முன்கட்டண இணைப்புக்கு மாற்றிவிட்டோம். போட்ட காசுக்கு மேல் அதில் எதுவும் கழியாது. ஒப்பந்தமோ பாக்கியோ இல்லாததால் மாற்றம் சிக்கலின்றி முடிந்தது. முடிவதற்குள் பழைய நிறுவனத்திலிருந்து அம்மாவுக்கு அழைப்பு வந்தது. தொடர்ந்து இருந்தால் ஓராண்டுக்குக் கட்டணத்தைக் குறைப்பதாகச் சொன்னவர் பேசியது நல்ல தமிழில். அழைப்பு மையத்தில் இல்லாத தமிழ், வாடிக்கையாளர் கிளம்பும்போது கிடைத்துவிடுகிறது. அம்மா மறுத்துவிட்டார். அவருடைய கணக்கில் மிஞ்சிய வரவுத் தொகையைத் திரும்பப் பெற வங்கிக் கணக்கு விவரத்துடன் ஒரு படிவம் தர வேண்டுமாம். அந்தப் படிவம் செயலியில் இல்லை, சேவை மையத்துக்கு நேரில் போய்த்தான் வாங்க வேண்டும்.